சோற்றின் நடுவே ஓர் ஓட்டை

பெங்களூரில் யாரோ ஒருத்தன் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டானாம். வலி என்று ஒரு துளிகூட இல்லையாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தானாம். பெண்டாட்டி சோறு வைத்தாளாம். "ஏண்டி, குழம்பே இன்னும் எடுத்துட்டு வரலை, அதுக்குள்ள நடுவுல குழி பண்ணி வெச்சிருக்கே?" என்று கேட்டானாம். சோற்றில் குழி இல்லை. குழி அவன் கண்ணில் இருந்தது.

இதைச் சொன்னவள் தேவம்மா. மைசூரில் அந்த இயற்பியல் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவள். அவளுக்குச் சொன்னவன் பெங்களூரில் ஆட்டோ ஓட்டும் அவள் தங்கை புருஷன். அவனுக்குச் சொன்னவர் அவன் வண்டியில் ஏறி இறங்கிய யாரோ. ஆள் பெயர் கிடையாது, இடம் கிடையாது. ஆனாலும் அந்தக் குழி, தேவம்மா சொன்ன நிமிடத்திலிருந்து, அங்கே வேலை செய்யும் ஜடையனின் தட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உங்க ரூமுக்குப் பெரிய பெட்டி ஒண்ணு வந்து எறங்குச்சே, அதுக்குள்ளயும் அதே வெளிச்சந்தானாமே ஜடையண்ணா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? பெட்டி மேலயே மஞ்சளா முக்கோணம் போட்டு, சூரியன் வெடிக்கறாப்பல படம் ஒட்டியிருக்குதே. நல்ல சாமானுக்கு எதுக்கு அந்தப் படம்?"

ஜடையன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "கரண்டுக் கம்பத்துல மண்டையோடு போட்டிருக்குது. அதுக்குன்னு நீ வீட்டுல லைட்டுப் போடாம இருட்டுல உக்காந்திருக்கியா?"

"கம்பம் தொட்டாத்தானுங்கண்ணா அடிக்கும். இது பாத்தாலே போச்சாமே."

தேவம்மா துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, தசராவுக்கு ஒரு மாதம் இருந்தபோது நடந்த பேச்சு இது. ஜடையனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஹனூருக்கு அந்தப் பக்கம், மாதேஸ்வரன் மலை பஸ் நின்று போகிற, தமிழ் பேசும் ஒரு சிற்றூர்க்காரன். பதினேழு வயதில் கட்டட வேலைக்கு மைசூர் வந்தான். வந்ததும் கல் சுமந்தது இதே இயற்பியல் கட்டடத்துக்குத்தான். வேலை முடிந்து மற்றவர்கள் அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தபோது, சாமான்களுக்குக் காவல் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று இவனை நிறுத்தினார்கள். நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். காவல்காரனாக இருந்தவன் அட்டெண்டர் ஆனான். பிறகு ஒருநாள் பேராசிரியர் செலுவநாராயணன் கனத்த இரும்பு மேஜை ஒன்றை வைத்துக்கொண்டு, படித்தவர்கள் நாலு பேர் சுற்றி நின்றும் அது மட்டத்துக்கு வராமல் திண்டாடியபோது, ஜடையன் தன் பழைய ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்து, குமிழியைப் பார்த்து, மூன்று கால்களில் மூன்று திருகு திருகினான். மேஜை நின்றது. அன்றிலிருந்து அவன் மெக்கானிக்.

கை எவ்வளவு உறுதியோ, மனம் அவ்வளவு நடுக்கம். தமிழ் பேசினால் அடி விழுந்த காவிரிக் கலவரத்தின்போது பத்து நாள் கதவைப் பூட்டிக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியிடமே கிசுகிசுத்துப் பேசியவன். அதற்கு எட்டு வருஷம் ஆகியும், போனை எடுத்தால் முதலில் வாயில் வருவது கன்னடம்தான்: "ஹலோ, யார் மாத்தாடோது?" யார் பேசறது என்று. எதிரில் இருப்பவர் தமிழில் ஒரு வார்த்தை பேசிய பிறகே இவன் தமிழுக்கு இறங்கி வருவான்.

அந்த லேசர் பெட்டியைப் பற்றிச் செலுவநாராயணனே உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தார். மேல்கோட்டைக் குடும்பம், நெற்றியில் திருமண் இல்லாமல் வகுப்புக்கு வரமாட்டார். சொல்வதைப் பொறுமையாகச் சொல்வார்.

"ஜடையா, காத்துல இருக்கற அணு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல ஓடறது. ஓடற யானைக்கு அம்பாரி கட்ட முடியுமோ? நிக்க வெச்சுத்தானே கட்டணும்? அதுக்குத்தான் அந்தக் கண்ணாடிக் கூடு. ஆறு பக்கத்துலேருந்தும் வெளிச்சத்தால தள்ளித் தள்ளி அணுவை நிறுத்தறோம். அப்படி நின்னுடறதைத்தான் குளிர்ந்த அணுன்னு சொல்றது. ஐஸ் குளிர் இல்லே. அசையாத குளிர்."

"அப்ப இந்தப் புதுப் பெட்டி எதுக்குங்க சார்?"

"அளக்கறதுக்கு. இது மத்த விளக்கு மாதிரி விடாம எரியாது. துடிச்சுத் துடிச்சு வரும். நொடிக்கு எட்டுக் கோடித் துடிப்பு. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடித் துண்டா நறுக்கினா அதுல ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துடிப்போட ஆயுசு. துடிப்பு தாளம் தப்பாம வர்றதால, அந்த வெளிச்சம் சீப்புப் பல்லு மாதிரி சரிசமமா இடைவெளி விட்டுப் பிரிஞ்சு நிக்கும். எந்தப் பல்லு பொருந்தறதோ அதுக்குத்தான் அணு பதில் சொல்லும். நீலமா ஒரு பொட்டு வெளிச்சம் விடும். அதை வெச்சு அணுவைப் பத்து இலக்கம் வரைக்கும் துல்லியமா அளந்துடலாம்."

யானையும் சீப்பும் ஜடையனுக்குப் புரிந்தன. நீலப் பொட்டை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று ஆசைகூட வந்தது. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. பாத்தா ஊதுபத்தி நுனி மாதிரி மங்கலா, சிவப்பா இருக்கும். நம்ம கண்ணுக்கு அந்த நிறம் சரியாப் பிடிபடாது. மங்கல்தானேன்னு நெனைச்சா ஏமாந்தே. நேராக் கண்ணுக்குள்ள போனா உள்ளே சுட்டுடும். வலிக்காது."

வலிக்காது. தேவம்மா சொன்னதும் அதையேதான். ஆட்டோக்காரன் கதை பொய்யாக இருக்கலாம். இந்த ஒரு சொல் மட்டும் பொய் இல்லை.

பேராசிரியர் விதிகள் போட்டார். வெளிச்சம் ஓடும்போது கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரியும். தட்டாமல் நுழையக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், பளபளக்கிற எதுவும் மேஜைப் பக்கம் வரக் கூடாது. கண்ணுக்குத் தனியாகக் கண்ணாடி போட வேண்டும். சந்தேகம் வந்தால், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த கிராஃப் தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ கட்டம் காணாமல் போனாலோ உடனே சொல்ல வேண்டும். "ரெண்டு கண்ணையும் திறந்து பாத்தா தெரியாது. ஒரு கண்ணோட குறையை இன்னொண்ணு மூடி மறைச்சுடும்."

எல்லாம் சரி. ஆனால் அறையில் வேலை செய்பவர்கள் மூன்று பேர், வந்திருந்த கண்ணாடி இரண்டு. அதைவிடப் பெரிய சங்கடம், அந்தக் கண்ணாடியைப் போட்டால் வெளிச்சமே தெரியாது. தெரியாத வெளிச்சத்தை எப்படித் தகட்டில் போட்ட சின்னத் துளைக்குள் நுழைப்பது? அதனால் ஆராய்ச்சி மாணவி அபூர்வா, கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெற்றிக்கு மேல் ஏற்றித் தலைமுடியில் செருகிக்கொள்வாள்.

அபூர்வா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். ரயில்வே குமாஸ்தா மகள். வீட்டில் தமிழ், வாயில் பாதி கன்னடம். மயிரிழை அளவுத் துளைக்குள் வெளிச்சத்தை ஒரே முயற்சியில் நுழைத்துவிடுவாள். "ஊசி கோக்கற மாதிரிதானே ஜடையண்ணா, சும்மனே எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்பாள். ஜடையன் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவான். அவள் கண்ணாடியை ஏற்றும்போதெல்லாம் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஆயுத பூஜை வந்தது.

மற்ற வருஷங்களில் ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுப்பதோடு முடிந்துவிடும். இந்த வருஷம் ஜடையனுக்கு மனம் கேட்கவில்லை. பயமில்லாத இயந்திரத்துக்கெல்லாம் பூஜை போட்டுவிட்டு, பயமுறுத்துகிற இயந்திரத்தைச் சும்மா விடுவதா? பேராசிரியரிடம் கேட்டான்.

"உள்ளே வேண்டாம் ஜடையா. குங்குமத் தூள் ஒண்ணே ஒண்ணு அந்த மிர்ரர்ல உக்காந்தாப் போறும், வெளிச்சம் பட்ட உடனே எரிஞ்சு குழி விழுந்துடும். கர்ப்பூரப் புகையும் கூடாது. வாசல்ல பண்ணிக்கோ, நானும் வந்து நிக்கறேன்."

வாசலில் பூஜை நடந்தது. பேராசிரியரும் வந்து நின்றார். எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிப் போன பிறகு, ஜடையன் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குங்குமம் கொண்டுபோகவில்லை. பூ இல்லை, புகை இல்லை. ஊதுபத்தித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்டாட்டி மாதேவியின் வாசனை ஒட்டியிருக்குமோ என்று சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கொண்டுபோனது அவன் கருவிகளை மட்டும். ஒரு ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஓர் அலன் கீ. பூஜைக்கென்று காலையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, பாலிஷ் தடவித் தேய்த்திருந்தான். ஸ்பேனரில் முகம் தெரிந்தது.

மேஜையின் கடைசி மூலையில், வெளிச்சத்தைத் திருப்பும் மிர்ரர் எதுவும் நிற்காத காலி இடத்தில், அந்த நான்கையும் வரிசையாக வைத்தான். ஊர்ப்பக்கத்து மலை மாதேஸ்வரனை நினைத்து, பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"மாதப்பா, யாரு கண்ணுக்கும் ஒண்ணும் ஆவாம நீதான் பாத்துக்கோணும்."

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் பூஜை முடிக்காமல் எடுக்கக் கூடாது. எடுத்தால் வைத்ததற்கே அர்த்தமில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினான்.

மறுநாள் விஜயதசமி. ஊரிலிருந்து மாதேவியின் அக்கா நாச்சம்மாள் குடும்பத்தோடு யானை ஊர்வலம் பார்க்க வந்துவிட்டாள். விடியற்காலையிலேயே போய் நின்றால்தான் இடம் கிடைக்கும் என்று இவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு போலீஸ் தடுப்புப் போட்டுச் சாலையை அடைத்துவிட்டது. அம்பாரி சுமந்த யானை போய் வெகுநேரம் வரையில் கூட்டம் கலையவில்லை. நாச்சம்மாள் யானையைப் பார்த்தாள். ஜடையன் தன் ஸ்பேனரை நினைத்துக்கொண்டு நின்றான். சரி, நாளைக் காலையில் முதல் வேலையாகக் கும்பிட்டு எடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

காலையில் ஒன்பதுக்குப் போனபோது கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

தட்டினான்.

"பாகிலு, கதவைச் சாத்திட்டு வாங்கண்ணா," என்றது அபூர்வாவின் குரல். "மூணு நாள் லீவு விட்டுட்டாங்க, எனக்குக் கையே ஓடலை. ஏழு மணிக்கே வந்துட்டேன்."

அவள் மேஜை மேல் குனிந்திருந்தாள். கண்ணாடி தலைமுடியில் செருகியிருந்தது. மற்றொரு கண்ணாடி பேராசிரியரின் மேஜை இழுப்பறையில். ஜடையன் மூலையைப் பார்த்தான். நான்கு கருவிகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் காலியாக இருந்த மூலை இப்போது காலியாக இல்லை. இரண்டு புதிய மிர்ரர்களை அங்கே நிறுத்தி, வெளிச்சத்தை அந்த வழியாகத் திருப்பிவிட்டிருந்தாள் அபூர்வா. அவளுக்கு அவன் கருவிகள் ஒரு பொருட்டாகப் படவில்லை. மெக்கானிக் மறந்து வைத்த சாமான், அவ்வளவுதான்.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம். பிறகு படியில் செருப்பு. பேராசிரியர். உள்ளே வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன மனிதர். இன்னும் பதினைந்து படி. வந்ததும் கண்ணில் படப்போவது, பளபளவென்று துலக்கி வைத்த நான்கு கருவிகள்.

ஜடையன் கையை நீட்டி ஸ்பேனரை எடுத்தான்.

அது எழுந்து வந்த வழியில் வெளிச்சம் குறுக்கே இருந்தது. சிவப்பாக ஒரு கோடு சுவரில் ஓடியது. காலண்டர் மேல் ஓடி, அலமாரி மேல் ஓடி, குனிந்திருந்து அப்போதுதான் நிமிர்ந்த அபூர்வாவின் முகத்தைக் கடந்து கூரைக்கு ஏறி மறைந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

அபூர்வா கண்ணைச் சிமிட்டினாள். "என்னண்ணா அது?"

"ஒண்ணுமில்லீங் அம்மிணி. ஸ்பேனரு. எடுத்தனுங்க."

பையில் போட்டுக்கொண்டான். மற்ற மூன்றையும் எப்படி எடுத்தான் என்பது அவனுக்கு நினைவில் இல்லை. பேராசிரியர் உள்ளே வந்து, "என்ன, கார்த்தாலேயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டபோது, ஜடையன் தரையைத் துடைப்பவன்போல் குனிந்திருந்தான்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோற்றைப் பார்த்தான். பிறகு மற்றதை மூடிக்கொண்டு பார்த்தான்.

மாதேவிக்குச் சிரிப்பு வந்தது. "என்னுங்க, சோத்தப் பாத்துக் கண்ணடிக்கறீங்க? இந்த வயசுல அதாச்சும் மயங்குமான்னு பாக்கறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. சோறு முழுதாக இருந்தது. மறுநாள் கிராஃப் தாளிலும் பார்த்தான். இரண்டு கண்ணுக்கும் கோடு நேராக, பொட்டு கறுப்பாக இருந்தது. ஆறுதல் வர வேண்டிய இடத்தில் அவனுக்குப் பயம்தான் வந்தது. தன் கண்ணில் அது இல்லை. அப்படியானால் எங்கே போயிற்று?

அன்று முழுவதும் அவன் அபூர்வாவையே கவனித்தான். அவள் வெளிச்சத்தைத் துளைக்குள் நுழைக்க முயன்றாள். தவறியது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை நிமிர்ந்து, "மைசூர்பாகு தின்னு தின்னு கை கொழுத்துப் போச்சு," என்று சிரித்தாள். மத்தியானம் துளைத் தகட்டைக் கழற்றி, அது சரியில்லை என்று வேறொன்று மாட்டச் சொன்னாள். ஜடையன் மாட்டிக் கொடுத்தான். புதுத் தகட்டிலும் தவறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். அப்படி அவள் சாய்த்துப் பார்த்து அவன் கண்டதே இல்லை.

சொல்லிவிடு என்றது மனம். சொன்னால்? இருபத்தைந்து வருஷமாக அவனை வைத்திருந்த கட்டடம் அது. வெளியூர்க்காரன், பூஜை போடுகிறேன் என்று ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்தவன் என்று ஊர் பேசும். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. உண்மையிலேயே மைசூர்பாகுதான் என்றால்? இப்படி ஒரு நாள் போயிற்று.

அதற்கடுத்த நாள் காலை, கிராஃப் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் ரசமட்டம் பிடித்த கையால் நிதானமாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்து, அபூர்வாவின் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டினான்.

"இது என்னண்ணா?"

"சார் எல்லாரையும் மாசத்துக்கு ஒருக்காப் பாக்கச் சொன்னாருங்க அம்மிணி. நான் பாத்துட்டனுங்க." முதல் பாதி பொய்.

"சரி விடுங்க, பாத்துடலாம்." உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "இது ஓகே." கையை மாற்றி இடது கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நடுவுல பொட்டு வெக்க மறந்துட்டீங்களா?"

கையை எடுத்தாள். பொட்டு இருந்தது. மூடினாள். இல்லை. எடுத்தாள், மூடினாள். முதலில் அது ஒரு வேடிக்கை என்பதுபோலச் சிரித்தாள். பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

"ஜடையண்ணா, என்ன இது?"

அவன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அன்றிலிருந்து அதை அவன் வேறெங்கும் வைக்கவில்லை.

"அன்னைக்குக் காத்தால இத எடுத்தனுங்க அம்மிணி. வெளிச்சத்துல பட்டுப் போச்சுங்க. உங்க மூஞ்சி மேல சிவப்பா ஓடுச்சுங்க. நான் பாத்தனுங்க."

"பாத்தீங்க." அவள் அந்த ஒரு வார்த்தையை மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியும்."

"தெரியாதுங்க. பயந்துட்டனுங்க."

"யாருக்காகப் பயந்தீங்க? எனக்கா, உங்களுக்கா?"

அவன் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். வராது என்று தெரிந்ததும், எழுந்து போய்ப் பெட்டியின் சாவியைத் திருகி அணைத்தாள்.

செலுவநாராயணனிடம் ஜடையன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்: பாலிஷ் போட்டது, மூலையில் வைத்தது, கும்பிட்டது, யானை ஊர்வலம், செருப்புச் சத்தம். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். பேராசிரியர் திட்டவில்லை. ஆணியில் தொங்கிய கண்ணாடிகளைப் பார்த்தார். இரண்டு.

"மூணு பேருக்கு ரெண்டு வாங்கினவன் நான்," என்றார். "எழுதறபோது அதைத்தான் முதல்ல எழுதுவேன்." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல: "நீ அதை எடுக்காம விட்டிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது, ஜடையா. வெளிச்சம் அதுக்கு நாலு விரக்கடை மேலேதான் போயிண்டிருந்தது."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மைசூரிலேயே ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். கடுகில் கால்வாசி அளவுக்குச் சூடு பட்டிருக்கிறது என்றார். நட்ட நடுவில் இல்லை, நடுவை ஒட்டி. சுற்றிலும் வீங்கி, அந்த வீக்கம்தான் இப்போது நடுவையும் மூடியிருக்கிறது. வீக்கம் வடிந்தால் நடுப்பார்வை தப்பிவிடும். தழும்பு உள்பக்கமாகப் பரவினால் தப்பாது. மூன்று வாரம் பொறுங்கள், பிறகு பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

மூன்று வாரம் பெட்டி எரியவில்லை. கண்ணாடிக் கூட்டில் அணுக்களை நிறுத்த ஆளில்லை. தேவம்மா கதவருகில் வந்து எட்டிப் பார்ப்பாள். ஒருநாள், "நான் அந்தக் கதையச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்கண்ணா," என்றாள். ஜடையன் அதைப் பற்றி முன்பே யோசித்திருந்தான். அவள் சொல்லாமல் இருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்கமாட்டான். பயந்திருக்காவிட்டால் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய்க் கும்பிட்டிருக்கமாட்டான்.

"மலைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க," என்று மாதேவி சொல்லிப் பார்த்தாள். "மாதப்பன் கையை விடமாட்டாரு." அவன் போகவில்லை. ஒருமுறை கேட்டான்; கும்பிட்ட அதே கைதான் ஸ்பேனரை எடுத்தது. மறுபடி கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

அபூர்வா இரண்டு முறை வந்தாள். கணக்குப் போடும் வேலைகளை மட்டும் பார்த்தாள். சுவரில் இருந்த தாளை அவளே ஒரு கண் மூடிப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். முதல் தடவை, "இல்லை," என்றாள். இரண்டாம் தடவை, "சாம்பல் மாதிரி என்னவோ இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சதால தெரியுதோ என்னவோ," என்றாள். அந்த வார்த்தைகளை அவன் ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான்.

பெங்களூருக்கு அம்மாவுடன் ரயில் ஏறுவதற்கு முதல் நாள், அவள் அவனிடம் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டாக்டர் சொல்லிடுவாங்க. அங்கேர்ந்தே சார் ரூமுக்குப் போன் பண்றேன்."

"சார்கிட்டச் சொல்றனுங்க அம்மிணி."

"சார் எடுக்கக் கூடாது. நீங்க எடுங்க." குரலில் கோபம் இருந்ததா என்று அவனுக்குப் புரியவில்லை. "எனக்கு நடந்ததை முதல்ல தெரிஞ்சுக்கிட்டவரு நீங்க. இதையும் நீங்களே முதல்ல கேளுங்க."

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே அவன் பேராசிரியர் அறையில் போன் முன்னால் வந்து நின்றான். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. நாலு ஆனதும் அவர் எழுந்து நடைபாதைக்குப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தேவம்மா பெருக்கி முடித்த வராந்தாவை மறுபடி பெருக்கினாள்.

நாலு பத்து. நாலு இருபது. போனில் உயிர் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கக் கை போயிற்று. எடுத்த நேரத்தில் அவள் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் போய்விட்டால் என்று கையை இழுத்துக்கொண்டான். சட்டைப் பையில், மடித்து வைத்த கிராஃப் தாள் இருந்தது. அதை எடுத்துப் பிரித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பொட்டு இருந்தது. அவனுக்கு அது எப்போதும் இருந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

துடைப்பச் சத்தம் நின்றது. நடைபாதையில் செலுவநாராயணன் திரும்பினார், ஆனால் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஜடையன் கையை ரிசீவர் மேல் வைத்தான். மணி அடிக்கும்போது அது உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. இரண்டாவது மணி. தொண்டையில் வழக்கமான கன்னடம் வந்து நின்றது; அது வேண்டாம், இன்றைக்கு முதல் வார்த்தை தமிழிலேயே வரட்டும் என்று விழுங்கினான். விழுங்கினால் அடுத்து எந்த வார்த்தையும் வரவில்லை. மூன்றாவது மணி.

"எடுங்கண்ணா," என்றாள் தேவம்மா கதவருகிலிருந்து.

நாலாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.